உருக்குவதற்கு முன் பிரிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுள் முடிந்த வாகனங்களை உடைத்து மறுசுழற்சி செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் பெருகி வருவதையும், அங்கே கிடைக்கும் இரும்பு மீண்டும் உலைக்குப் போவதையும் கட்டுரை பாராட்டியிருந்தது. அந்தப் பாராட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வண்டி மையத்துக்குள் நுழைவதற்கும் இரும்பு உலைக்குள் விழுவதற்கும் இடையே நடக்க வேண்டிய வேலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கோவை கணபதியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தேய்ந்த என்ஜின்களைச் சீர்செய்யும் ரீகண்டிஷனிங் பட்டறை நடத்திவிட்டு, இப்போது மகனிடம் ஒப்படைத்திருப்பவன் நான். அந்த இடைப்பட்ட வேலையே என் பிழைப்பாக இருந்ததால், அதைப் பற்றி எழுதும் கடமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் இப்போது தொழில் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறது. ஒருமுறை மண்ணிலிருந்து எடுத்த பொருளைக் குப்பைக்குப் போகவிடாமல் இயன்றவரை புழக்கத்திலேயே வைத்திருப்பது என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதில் ஒரு வரிசை உண்டு. வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவது முதலில் வருகிறது. ஓட்ட முடியாமற்போனால், நல்ல நிலையில் உள்ள பாகத்தைக் கழற்றி இன்னொரு வண்டிக்குப் போடுவது அடுத்தது. தேய்ந்த பாகத்தைக் கடைந்து, சாணை பிடித்து, அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி உழைக்கச் செய்வது அதற்கும் அடுத்தது. இவை எதற்கும் ஆகாததை மட்டுமே உருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் சலுகையும் இந்த வரிசையின் கடைசிப் படியில் நின்றுகொண்டு தொடங்குகின்றன. முந்தைய படிகள் மூன்றிலும் தேர்ந்த கைகள் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும்போது இப்படி நடப்பதுதான் என்னை வருத்துகிறது.

ஒரு கிராங்க் ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் என்ஜினின் முதன்மைத் தண்டு அது. லாரி என்ஜினைப் பிரித்து, கிராங்கை வெளியே எடுத்து, டீசலில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து மேசைமேல் வைத்ததும் நாங்கள் முதலில் செய்வது, அதைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது. நல்ல கிராங்க் கோயில் மணிபோல நீண்டு ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டைப் பானையின் சத்தம் வரும். அதன்பின் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்தால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் முடிபோல ஒரு கோடு விழும். இப்போது காந்தச் சோதனைக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் என் மகன் தட்டிக் கேட்காமல் எந்தக் கிராங்கையும் கருவிக்கு ஏற்றுவதில்லை. விரிசல் இல்லையென்றால் மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும், அதாவது பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதியையும், அளந்து, முதல் தடவை கால் மில்லிமீட்டர் குறைத்துச் சாணை பிடித்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டுப் பொருத்துகிறோம். அடுத்த தடவை அரை மில்லிமீட்டர், பிறகு முக்கால், பல என்ஜின்களில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம். அதாவது, தாது தோண்டி, உருக்கி, பழுக்கக் காய்ச்சி அடித்து, கடைந்து, கடினப்படுத்தி ஒரு ஆலை அந்த எஃகுக்குள் வைத்த உழைப்பு அத்தனையும் அப்படியே இருக்க, மேலே தலைமுடி மூன்று நான்கின் கனத்துக்கு ஒரு படலத்தை மட்டும் எடுத்துவிட்டு, கிராங்குக்கு இன்னொரு வாழ்வு தருகிறோம். அதே கிராங்கை உருக்கினால் மிஞ்சுவது இரும்பின் எடை மட்டும்தான். மீதி உழைப்பு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சங்ககிரியைச் சேர்ந்த ஒரு லாரி உரிமையாளர், இரண்டே வண்டி வைத்திருப்பவர், என் பட்டறைக்கு நெடுநாள் வாடிக்கையாளர். அவருடைய வண்டி ஒன்றில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிளாக் தவிர மற்றவையெல்லாம் பெரும்பாலும் தேறின. புதுப் பிளாக்கின் விலையைக் கேட்டுவிட்டு, “இந்த வெலைக்கு ஒரு பழைய வண்டியே வாங்கிப் போட்டுருலாமுங்களே” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதே மாடல் லாரிகள் சில, ஒரு பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நான் அங்கே போனேன். மையத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. அவர்கள் தங்கள் கணக்குப்படிதான் நடந்தார்கள். முற்றத்தில் மூன்று என்ஜின்கள் கிடந்தன. ஒன்றின் சிலிண்டர் ஹெட்டை ஏற்கெனவே கழற்றியிருந்ததால் குனிந்து பார்த்தேன். லைனர்கள் தேய்ந்திருந்தன; அவை மாற்றக்கூடியவை. பிளாக்கில் ஒரு கீறல் இல்லை. அதை மட்டும் விலைக்குக் கொடுங்கள், ரசீதும் போடுங்கள் என்று கேட்டேன். பொறுப்பாளராக இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்: “பார்ட்ஸா தனியா குடுக்கறதில்லைங்க. இங்க எல்லாமே எடைதானுங்க.” நான் அங்கே நின்றிருக்கும்போதே, நான்கு பேர் கூடித் தூக்கினால் மட்டுமே அசையும் அந்தப் பிளாக்கைக் கிரேன் கவ்விக் குவியலில் போட்டது. சங்ககிரிக்காரர் கடன் வாங்கிப் புதுப் பிளாக் போட்டார்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. எடைதான் அளவுகோல் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நம் விதிமுறைகள். 2021 ஆகஸ்ட் 13 அன்று பழைய வாகனக் கழிப்புக் கொள்கை தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் உடைப்பு மையங்களுக்கான விதிகள் வந்தன. வண்டியை ஒப்படைத்துச் சான்று பெறுபவருக்குப் புது வண்டி வாங்கும்போது சாலை வரியில், சொந்த வாகனம் என்றால் 25 சதவீதமும் போக்குவரத்து வாகனம் என்றால் 15 சதவீதமும் வரை தள்ளுபடி தரலாம் என்று மத்திய அரசு சொன்னது. இவை வாகன உரிமையாளரை மையத்துக்கு அழைத்துவருவதற்கானவை. பிறகு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகள் உற்பத்தியாளரையும் பொறுப்பாளியாக்கின. தாம் விற்ற வாகனங்களில் இருந்த எஃகில் ஒரு பங்கு மீட்கப்பட்டதற்கான சான்றை உற்பத்தி நிறுவனங்கள் காட்டியாக வேண்டும். சொந்த வாகனமானால் 20 ஆண்டுகளுக்கு முன் விற்றதையும், போக்குவரத்து வாகனமானால் 15 ஆண்டுகளுக்கு முன் விற்றதையும் கணக்கில் எடுத்து, 2025-26 முதல் 2029-30 வரை 8 சதவீதம், அதற்கடுத்த ஐந்தாண்டுகளுக்கு 13 சதவீதம், 2035-36 முதல் 18 சதவீதம் என இலக்கு ஏறுகிறது. விற்றவரே கடைசிவரை பொறுப்பு என்ற கொள்கையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இலக்கு எஃகின் எடையில் வைக்கப்பட்டிருக்கிறது. எடைத்தட்டில் நல்ல கிராங்கும் உடைந்த கிராங்கும் ஒன்றே. நல்லதைத் தேடிப் பிரித்து எடுக்கும் கூலியும் நேரமும் இடமும் மையத்துக்குச் செலவு. அழுத்திக் கட்டி அனுப்புவது வரவு. அப்படியிருக்க, எந்த மையம் ஒரு மெக்கானிக்கை வைத்து என்ஜினைப் பிரித்துப் பார்க்கும்?

இந்த இடத்தில் வாசகர்களிடையே உலவும் ஓர் அச்சத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். 15 ஆண்டு ஆனதும் வண்டியை உடைத்தே தீரவேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். டெல்லி வட்டாரத்துக்கென வந்த நீதிமன்ற, தீர்ப்பாய உத்தரவுகளும், 2023 ஏப்ரல் 1 முதல் அரசு வாகனங்களுக்குப் பொருந்தும் விதியும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். நம் பக்கத்தில் சொந்த வாகனம் எஃப்.சி. பரிசோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். நன்றாகப் பராமரித்த வண்டியைப் பயந்துபோய்க் கழிப்பது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

உருக்குவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கோவையில் இருந்துகொண்டு எழுதுபவன் ஆகமாட்டேன். நம் ஊர்ப் பவுண்டரிகள் பழைய இரும்பை உண்டு வளர்ந்தவை. பம்பின் உடலும் கிரைண்டரின் அடிப்பாகமும் லாரியின் பிரேக் டிரம்மும் அந்த உலைகளிலிருந்து வந்தவைதான். ஒரு டன் பழைய எஃகை உருக்கிப் பயன்படுத்தினால் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும் என்று உலக எஃகுச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. அலுமினியத்தில் ஆதாயம் இதைவிட அதிகம்: தாதிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழைய அலுமினியத்தை உருக்கிவிடலாம். ஆனால் எந்தப் பவுண்டரிக்காரரையும் கேட்டுப் பாருங்கள், வாகனக் கழிவு என்றதும் அவர் முகம் சுளிப்பார். வயரிங்கைக் கழற்றாமல் வண்டியை அப்படியே நசுக்கினால் செம்பு எஃகோடு கலந்துவிடும். ஒருமுறை கலந்த செம்பை உலையில் பிரித்தெடுக்க வழியில்லை, அந்த எஃகைத் தகடாக உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். வீல் வெயிட்டிலும் பேட்டரி முனையிலும் உள்ள ஈயம் துளி சேர்ந்தாலும் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு கெட்டு, வார்ப்பு பலமிழக்கும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை இண்டக்‌ஷன் உலையில் போட்டால் வெள்ளைப் புகை எழும்பித் தொழிலாளியின் நெஞ்சை அடைக்கும். உலையின் லைனிங்கையும் அது அரிக்கும். ஆகவே கடைசிப் படியான உருக்கும் வேலைகூட ஒழுங்காக நடக்க வேண்டுமானால், முதலில் கையால் பிரித்தாக வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் இல்லாமல் சுழற்சிப் பொருளாதாரம் நடக்காது.

அப்படிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் யார்? உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இருப்பவர்கள், நாமக்கல்லிலும் சேலத்திலும் லாரி உடைப்பவர்கள், அவர்களிடமிருந்து ஹவுசிங்கும் கியர் பாக்ஸும் வாங்கிச் சீர்செய்து விற்கும் பட்டறைக்காரர்கள். எந்த வருடத்து மாடலின் கிரவுன் பினியன் எதற்குப் பொருந்தும், எந்த ஆல்டர்னேட்டரை எப்படித் திருத்தினால் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. இவர்களைச் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, பெரிய முதலீட்டில் மையம் அமைப்பவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பது, தொழிலை அறிந்தவரை வெளியே நிறுத்திவிட்டு அறியாதவரை உள்ளே அழைப்பதாகும்.

அதே சமயம் இந்தக் கடைகளில் நடக்கும் தவறுகளை மூடிமறைக்கவும் எனக்கு மனமில்லை. என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலிருந்து வடிந்த ஆயில் நேராக மண்ணில் இறங்குகிறது. ஏ.சி. வாயுவைக் குழாயை வெட்டிக் காற்றில் விடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது. வயரைக் கொளுத்திச் செம்பெடுக்கும் கரும்புகையை ஆத்துப்பாலம் பக்கம் போகும்போது நானே முகர்ந்திருக்கிறேன். பேட்டரியைச் சம்மட்டியால் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வேலை, அதைச் செய்பவரின் வீட்டுக் குழந்தையின் இரத்தம்வரை போகிறது. நொய்யலுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொங்கு நாட்டார் யாரும் மறந்திருக்க முடியாது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை திருப்பூரில் வேரூன்றியது. இன்று அந்த முறையைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். அதே அக்கறையைக் காலத்தோடு காட்டியிருந்தால் நொய்யல் பிழைத்திருக்கும். வாகன உடைப்பிலும் நாம் நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊருக்கு வெளியே சிட்கோ பேட்டைபோல ஓர் இடத்தை ஒதுக்கி, சிமெண்ட் தளம், ஆயில் பிரிக்கும் தொட்டி, வாயுவை உறிஞ்சி அடைக்கும் கருவி, பேட்டரிக்குத் தனிக் கொட்டகை ஆகியவற்றைப் பொதுவில் அமைத்துக் கொடுத்தால், தனித்தனியே அதையெல்லாம் வாங்க முடியாத சிறு கடைக்காரர்கள் வாடகை கொடுத்து அங்கே வேலை செய்வார்கள். திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தது இந்த வழியில்தான்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு ரீட்ரேடிங் என்பது புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமே அல்ல. மேல்பட்டன் தேய்ந்த டயரின் கேசிங்கை, அதாவது உள்ளுடலை, சோதித்து, பழைய ரப்பரைச் சுரண்டி, புது டிரெட்டை ஒட்டிச் சூட்டில் பதப்படுத்தி, இன்னும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவது அவர்கள் தகப்பன் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதற்கான இயந்திரமும் ரப்பரும் கோவையிலிருந்தே வெளிநாடுகளுக்குப் போகின்றன. 2022 ஜூலையில் வந்த கழிவு டயர் விதிகளில் இதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்: ரீட்ரேடிங் சான்றை வாங்கும் டயர் நிறுவனத்துக்கு, அந்த அளவுக்கான மறுசுழற்சிக் கடமை ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது. டயருக்குத் தந்த இந்த மதிப்பை என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஏன் தரக்கூடாது என்பதுதான் என் கேள்வி. கூடவே லாரி நண்பர்களிடமும் ஒரு வார்த்தை: அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால் கேசிங் வெடித்துப்போகும், பிறகு எந்தப் பட்டறையாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

இனி, பட்டறைகளின் கையைக் கட்டிப்போடும் இரண்டு தடைகள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் என்ஜினில் பழுதுபார்ப்பதன் பாதி, கணினியோடு பேசுவதாகிவிட்டது. காமன் ரயில் இன்ஜெக்டரை எடுத்துப் பாருங்கள். அதன் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலை எப்படிப் பீய்ச்சும் என்பதைக் குறிப்பது அது. இன்ஜெக்டரை மாற்றினால் புதிய குறியீட்டை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம்.-இல் பதிய வேண்டும். பதியாவிட்டால் என்ஜின் புகைக்கும், தட்டும். அதைப் பதியும் மென்பொருள் பல மாடல்களுக்குக் கம்பெனிச் சர்வீஸ் சென்டரில் மட்டுமே கிடைக்கிறது. நன்றாகச் சீர்செய்து சோதித்த இன்ஜெக்டர் எங்கள் மேசைமேல் இருக்க, குறியீட்டைப் பதிய வழியில்லாமல் வாடிக்கையாளரைப் புதிது வாங்க அனுப்பிய நாட்கள் உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் நலத்துறை 2022இல் குழு அமைத்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்து, தகவல் தளமும் தொடங்கியது. தளத்தில் தகவல் தருவதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல் சட்டக் கடமையாக்கினால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன். நியாயமான கட்டணத்துக்குக் கொடுக்கட்டும். இலவசமாக யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் புதிதாக வார்த்துக் கடைந்த பாகத்துக்கும், பழையதைச் சீர்செய்து உத்தரவாதத்தோடு விற்கும் பாகத்துக்கும் ஒரே வரிதான். புதிதாக ஒரு கிலோ இரும்பைக்கூட உருக்காமல் செய்த வேலைக்கு ஒரு சலுகை இருந்தால், நேர்மையாக ரசீது போட்டு விற்பவர்கள் பெருகுவார்கள். ரசீதில்லாத வியாபாரம் தானே சுருங்கும்.

மற்ற நாடுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிரான்சில் ரெனோ நிறுவனம் ஷுவாசி-லெ-ருவா என்ற இடத்தில் 1949 முதலே பழைய என்ஜின்களையும் கியர் பாக்ஸ்களையும் மறுஉற்பத்தி செய்து வந்தது. ஜப்பானில் 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கார் வாங்குபவர் அதன் கடைசிச் செலவுக்கான மறுசுழற்சிக் கட்டணத்தை முன்னதாகவே கட்டிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், ஆயுள் முடிந்த வண்டியின் எடையில் 85 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ கொண்டுவர வேண்டும் என்று வைத்திருக்கிறது. அங்கே கணக்கில் மறுபயன்பாடு என்ற சொல் முதலில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் உதிரிபாக ஆலைகள் பல அந்நாடுகளுக்கு அனுப்புகின்றன. வாங்குபவர் கேட்கும் நாளில் ஓடித் தேடுவதைவிட, இப்போதே பழகிக்கொள்வது அவற்றுக்கும் நல்லது.

மின்சார வண்டிகள் வந்தால் என்ஜின் பட்டறைகளுக்கு வேலையே இருக்காது என்கிறார்கள். வேலை மாறும் என்பதே என் எண்ணம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, மின் வாகனப் புதுப் பேட்டரிகளில் 2027-28இல் 5 சதவீதம் மீட்ட பொருளாக இருக்க வேண்டும். 2030-31இல் அது 20 சதவீதம் ஆகிறது. உருக்குவதற்கு முந்தைய படி இங்கேயும் உண்டு. ஸ்கூட்டருக்குத் திறன் போதாத பேட்டரிக்குள் நல்ல செல்கள் மிச்சமிருக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலையும் சூரியத் தகடும் நிறைந்த தோட்டங்களில் அவற்றைச் சேமிப்புக்கு வைக்கலாம். ஆனால் பேட்டரிப் பெட்டியைத் திறக்க முடியாதபடி பசையால் ஒட்டி விற்றால் அதைப் பிரிப்பவருக்கு உயிராபத்து. திருகாணி போட்டு மூடுங்கள் என்று வடிவமைப்பாளரிடம் கேட்பதற்குப் பட்டறைக்காரனுக்கு உரிமை உண்டு.

என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் குறையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். கிராங்கைச் சாணை பிடிக்கும்போது ஜர்னலின் இரு ஓரத்திலும் உள்ள சிறு வளைவைக் காப்பாற்ற வேண்டும். அவசரக்காரர்கள் கல்லைச் சரியாகத் தீட்டாமல் அந்த ஓரத்தைக் கூர்மூலையாக்கி விட்டுவிடுவார்கள். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆறே மாதத்தில் சரியாக அந்த மூலையில் கிராங்க் முறியும். இப்படி ஒரு தடவை ஏமாந்தவர் பிறகு ஜென்மத்துக்கும் ரீகண்டிஷன் பாகத்தை நம்பமாட்டார். ஆகவே சலுகை கேட்பதற்கு முன் தரத்தை நாங்கள் ஏற்க வேண்டும். எந்தப் பாகத்தை எத்தனை தடவை சீர்செய்யலாம், ஓர வளைவு எவ்வளவு இருக்க வேண்டும், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் போன்ற உயிர் காக்கும் பாகங்களில் எதைத் தொடவே கூடாது என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துத் தரட்டும். பாகத்தின்மேல் பட்டறையின் எண்ணும் தேதியும் எடுத்த அளவும் பொறிக்கப்படட்டும். பம்புக்கும் மோட்டாருக்கும் தொழில்முனைவோரே முன்னின்று சோதனைக்கூடம் கண்ட கோவையில், மறுஉற்பத்திப் பாகங்களுக்கும் ஒரு சோதனைக்கூடம் அமைப்பது எட்டாத காரியம் அல்ல. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டிப் பார்த்தே இயந்திர ஞானம் பெற்றவர் என்று ஜி.டி. நாயுடுவைப் பற்றி இங்கே சொல்வார்கள். பின்னாளில், 1920இல், பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கியவர் அவர். இந்த மண்ணின் ஐ.டி.ஐ.களில் வண்டியைப் பூட்டுவதற்குக் கற்றுத்தருவது போலவே பிரிப்பதற்கும் ஒரு பாடப்பிரிவு வேண்டும்.

தொழில்துறை அமைச்சரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழில் அமைப்புகளும் இந்தக் கடிதத்தைப் பார்க்க நேர்ந்தால் அவர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை இது. எஃகு இலக்கு 8 சதவீதத்திலிருந்து 13 ஆக உயரும் 2030-31க்கு முன்பாக விதியைத் திருத்தச் சொல்லி, மறுபயன்பாட்டுக்கும் மறுஉற்பத்திக்கும் போன பாகங்களுக்கு, உருக்கப் போன இரும்பைவிடக் கூடுதல் மதிப்புள்ள சான்று தரும்படி மத்திய அரசிடம் தமிழ்நாடு கேட்க வேண்டும். அதுவரை, நம் மாநிலத்தில் உரிமம் பெறும் ஒவ்வொரு உடைப்பு மையமும் வாரத்தில் ஒருநாளாவது கதவைத் திறந்து, பதிவு பெற்ற பட்டறைக்காரர்கள் உள்ளே வந்து, நல்ல பாகங்களைப் பார்த்து ரசீதோடு வாங்க இடம் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என்னிடம் பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. பட்டறைக்கு வந்த ஒவ்வொரு கிராங்குக்கும் என்ஜின் எண், வந்த தேதி, சாணைக்கு முன் அளவு, பின் அளவு, அதே கிராங்க் மறுபடி எத்தனை ஆண்டு கழித்து வந்தது என்பதெல்லாம் என் கையெழுத்திலும் பிற்பாடு மகன் கையெழுத்திலும் அவற்றில் இருக்கின்றன. மூன்று தடவை வந்து போன கிராங்குகள் நிறைய உண்டு. தர அளவு வகுக்க முன்வரும் பொறியியல் கல்லூரியோ அரசுத் துறையோ கேட்டால், வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு அத்தனையையும் படியெடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.